ஒண்ணும் ரெண்டும்

டீ ஃபேக்டரியில எனக்குக் கொழுந்துக் கணக்கு எழுதற வேலை. பழைய பாஷையில சொன்னா கணக்குப்பிள்ளை. 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஒரு மூணு மாசம் இந்தக் கணக்குப்பிள்ளை ரெண்டு அணில்பிள்ளைகளுக்கு ஆயா வேலை பார்த்தான். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

குன்னூர் பக்கம் வந்தவங்க பார்த்திருப்பீங்க. தேயிலைக்கு நடுநடுவே நெட்டையா ஒரு மரம் நிக்கும், காத்தடிச்சா இலையோட அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும். சில்வர் ஓக். ஆஸ்திரேலியாக்கார மரம், நிழலுக்காகக் கொண்டுவந்து நட்டது. மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி அதோட கிளைகளைக் கழிச்சு விடுவாங்க, கீழே இருக்கற செடிக்கு வெளிச்சம் விழணும்னு. சித்திரை பிறந்த மறுநாள் எங்க குடியிருப்புக்குப் பின்னாடி இருக்கற மரத்தைக் கழிச்சப்ப, கிளையோட சேர்ந்து ஒரு கூடும் விழுந்துச்சு. நார், புல், பஞ்சு, யாரோ காயப்போட்ட ஸ்வெட்டர்ல இருந்து உருவின பச்சைக் கம்பளி நூல் எல்லாம் சேர்ந்த ஒரு பந்து. உள்ளே மூணு குட்டி. கண்ணு திறக்கலை. முதுகுல கோடு மட்டும் பென்சில்ல கிழிச்ச மாதிரி லேசா தெரிஞ்சுது.

மரம் ஏறின அண்ணன் தொப்பியில போட்டு எடுத்துட்டு வந்து, "சார், பாப்பாவுக்கு விளையாடக் குடுங்க"ன்னு நீட்டினார்.

பாப்பாவுக்குப் பதினோரு வயசு. குதிச்சா. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. அதுக்குக் காரணம் இருக்கு. கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன்.

2008. அம்மா இருந்தாங்க. கொய்யா மரத்தடியில இதே மாதிரி ஒரு ஒத்தைக் குட்டி கிடந்துச்சு. "தொடாதடா, தாய் வந்து தூக்கிட்டுப் போகும்"னு அம்மா சொன்னாங்க. நான் கேக்கலை. பூனை தின்னுடும்னு சொல்லி உள்ளே எடுத்துட்டு வந்துட்டேன். ஷூ பெட்டி, பஞ்சு மெத்தை, ராஜ உபசாரம். பசும்பால்ல சர்க்கரை கலந்து, இங்க் ஃபில்லர்ல எடுத்து, கைக்குழந்தையைப் போடற மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டினேன். குட்டி சப்புக்கொட்டிக் குடிச்சுது. எவ்வளவு குடிக்குதோ அவ்வளவும் குடுத்தேன். ராத்திரி மூக்குல நுரை நுரையா பால் வந்துச்சு. வயிறு பந்து மாதிரி உப்பிடுச்சு. மூச்சு விடறப்ப நெஞ்சுக்குள்ள டிக் டிக்னு ஒரு சத்தம். மூணாம் நாள் காலையில விறைச்சுக் கிடந்துச்சு.

அந்த மூணு நாள்ல முதல் நாள் முழுக்க கொய்யா மரத்துல ஒரு பெரிய அணில் விடாமக் கத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அப்ப அது வெறும் சத்தம். அது யாரைத் தேடிக் கத்துச்சுன்னு தலையில உறைக்கறதுக்கே பல வருஷம் ஆச்சு. அம்மா அதைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

அதனால இந்தத் தடவை தொப்பியைக் கையில வாங்கினதும் நான் செஞ்ச முதல் வேலை, எங்க நாய்க்கு ஊசி போடற கால்நடை டாக்டர் மேடத்துக்கு ஃபோன். அவங்க கேட்ட முதல் கேள்வியே, "தாயைப் பார்த்தீங்களா?"

வரி அணில் ஒரே கூட்டை நம்பி இருக்காதாம். பக்கத்துல இன்னொண்ணு ரெண்டு கூடு கட்டி வச்சிருக்கும். ஒண்ணு கலைஞ்சா குட்டியை வாயில கவ்வி ஒவ்வொண்ணா மாத்தும். மனுஷன் தொட்டா வாடை பட்டுடும், தாய் சேர்க்காதுங்கறதெல்லாம் சும்மாவாம். ஆனா குட்டி சூடா இருக்கணும், மரத்தடியில ஆள் இருக்கக் கூடாது. பழைய டப்பாவில வெந்நீர் பாட்டிலைத் துணி சுத்தி வச்சு, அது மேல குட்டிங்களைப் போட்டு, அதே மரத்துல ஆள் உயரத்துக்கு மேல கட்டிட்டு ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார்ந்தோம். தங்கமணி, பொண்ணு, நான். யாரும் தும்மக்கூட இல்லை.

ரெண்டரை மணிக்கு வந்துச்சு. தலைகீழா இறங்கி, டப்பாவைச் சுத்திச் சுத்தி மோந்து, ஒரு குட்டியைக் கவ்விக்கிட்டுப் போனது பாருங்க... பொண்ணு என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிருச்சு. அடுத்ததுக்கு வரும்னு காத்திருந்தோம். மூணே காலுக்குக் கோடை மழை பிடிச்சுக்கிச்சு. இங்க கோடை மழைன்னா சும்மா இல்லை, ஆலங்கட்டியோட. அணில் வரலை. டப்பாவை உள்ளே எடுத்து, மறுநாள் விடிஞ்சதும் திரும்பக் கட்டிப் பார்த்தோம். பத்து மணி வரைக்கும் வரலை. சரி, இனி நம்ம பொறுப்புன்னு ஆச்சு.

வனத்துறைக்கும் ஃபோன் பண்ணித் தகவல் சொன்னேன். காட்டு உயிரை இஷ்டத்துக்கு வீட்டுல வச்சு வளர்க்க முடியாது, 1972-ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. இது வளர்க்கறது இல்லை, ஆளாக்கி அனுப்பறதுங்கறதை முதல்லயே எல்லாருமா தெளிவாப் பேசிக்கிட்டோம். பேசிக்கிட்டது என்னவோ தெளிவாத்தான் இருந்துச்சு.

டாக்டர் மேடம் போட்ட வரிசை இது: முதல்ல சூடு, அப்புறம் தண்ணி, அப்புறம்தான் பால். இதுல ஒண்ணை மாத்தினாலும் குட்டி போயிடும். முடி முளைக்காத குட்டிக்குச் சொந்தமா உடம்புச் சூட்டைக் காப்பாத்திக்கத் தெரியாது. குளிர்ந்து போன வயித்துல பால் ஊத்தினா செரிக்காது, உள்ளேயே கெட்டுப்போகும். குன்னூர் ராத்திரிக்குச் சொல்லணுமா? பாட்டில்ல வெந்நீர் மாத்தறதுக்குன்னே அலாரம். சூடு ஏறினப்புறம் ஓ.ஆர்.எஸ். கரைச்ச வெதுவெதுப்பான தண்ணி சொட்டுச் சொட்டா. அதுக்கப்புறம் பால். பசும்பால் கூடவே கூடாது, அணில் குட்டியோட வயித்துக்கு அது ஒத்துக்காது, உப்பும், பேதியாகும். நாய்க்குட்டிகளுக்குன்னு தாய்ப்பாலுக்குப் பதிலா ஒரு பால் பவுடர் வருது, அதைக் கரைச்சுக் குடுக்கணும்.

அந்தப் பவுடர் இங்க எந்தக் கடையிலயும் இல்லை. கோயமுத்தூர்ல இருந்து வரணும். சீசன் நேரம், மலைப்பாதையில வண்டிங்க வாலைப் பிடிச்சு வாலா நிக்குது, பார்சல் வர ரெண்டு நாள் ஆச்சு. அது வரைக்கும் ஆட்டுப்பால்ல சமாளிக்கலாம்னாங்க. கீழ் லயன்ல ஒரு பாட்டி ஆடு வச்சிருக்காங்க. நுவரெலியாவுல பிறந்து, சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துல எழுபதுகள்ல இந்தப் பக்கம் வந்தவங்க. விஷயத்தைச் சொன்னதும் பாட்டி சொம்பைக் கையில குடுத்துட்டு, "தம்பி, அது நம்ம புள்ள இல்ல, அணிப்புள்ள. மல்லாத்திப் போட்டு ஊத்தாத, மூக்குல ஏறிரும்"னாங்க. 2008-ல இந்தப் பாட்டி எங்க இருந்தாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். இதே லயன்லதான் இருந்தாங்க. நான்தான் யாரையும் கேக்கலை.

ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சு. குட்டியைத் துணியில சுத்தி, குப்புற, தலை மட்டும் கொஞ்சம் தூக்கின மாதிரி பிடிக்கணும். சிரிஞ்சு முனையை வாயோட ஓரத்துல வச்சு ஒவ்வொரு சொட்டா. மூக்குல ஒரு குமிழி வந்தாலும் உடனே நிறுத்தித் தலையைக் கீழே சாய்ச்சுத் துடைச்சிடணும். பால் நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா. 2008-ல நான் கேட்ட டிக் டிக் அதுதான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

எவ்வளவுங்கறதும் கணக்குத்தான். குட்டியோட எடையில நூத்துக்கு அஞ்சு பங்கு, ஒரு வேளைக்கு. தங்கமணியோட கேக் தராசுல வச்சேன். ஒண்ணு 18 கிராம், இன்னொண்ணு 16. அப்படின்னா ஒரு மில்லிக்கும் கம்மி. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலயும். இந்த இடத்துல என் தொழில்புத்தி வேலை செஞ்சுது. ஃபேக்டரியில இருந்து ஒரு பழைய பேரேடு எடுத்துட்டு வந்து கட்டம் போட்டேன். நேரம், எடை, பால், மூத்திரம், ஆய். கடைசி ரெண்டு கட்டத்தைப் பார்த்துட்டுத் தங்கமணி, "ஏங்க, இதையும் முதலாளி ஆடிட் பண்ணுவாரா?"ன்னாங்க. சிரிக்காதீங்க, அதுதான் முக்கியமான கட்டம். கண்ணு திறக்காத குட்டிக்குத் தானா மூத்திரம் போகத் தெரியாது. தாய் நக்கி விட்டாத்தான் போகும். நாம வெந்நீர்ல நனைச்ச பஞ்சால ஒவ்வொரு வேளையும் மெதுவாத் துடைச்சு விடணும். விடலைன்னா உள்ளேயே தேங்கிச் செத்துப்போகும். கொழுந்துக் கணக்குல கையெழுத்துப் போடற இதே கையால அதையும் செஞ்சேன்.

பேர் வைக்காதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. பொண்ணு ரொம்ப ஒழுங்கா, பேரே வைக்காம, எடை கூட இருந்ததை ஒண்ணுன்னும் மத்ததை ரெண்டுன்னும் கூப்பிட்டா. ஒரு வாரத்துல "ஒண்ணூ..."ன்னா தலையைத் தூக்க ஆரம்பிச்சுது. அவ்வ்வ்.

பேர்னு சொன்னதும் ஒரு கிளைக்கதை. அணிலோட குட்டியை என்னன்னு சொல்றதுன்னு தொல்காப்பியமே மெனக்கெட்டுச் சொல்லியிருக்கு. மரபியல்ல, எலிக்கும் வெருகுக்கும் பக்கத்துல, மூணு வரி இருக்கற அணில்னு கோட்டை எண்ணிச் சொல்லி, அதோட இளசைக் குட்டின்னும் சொல்லலாம், பறழ்னும் சொல்லலாம்னு இருக்கு. பிள்ளைங்கறது நம்ம வாய்வழக்கு. கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை வரிசையில அணில்பிள்ளை.

பத்து நாள்ல கண்ணு திறந்துச்சு. முதல்ல ஒரு கண்ணு, மறுநாள் இன்னொண்ணு. திறந்ததும் பார்த்தது என் மூஞ்சியை. பாவம்.

இது எந்த அணில்ங்கறது வளர வளரத்தான் தெரிஞ்சுது. சமவெளியில நாம பார்க்கற மூணு வரி அணில் வேற. மேற்குத்தொடர்ச்சி மலைக்குன்னே ஒரு காட்டு வரி அணில் இருக்கு. உடம்பு இன்னும் கருக்கல், தலையில செம்பட்டை அடிக்கும். எங்களோடது அதுதான். சோலைக்காட்டுக்குள்ள அதைவிடச் சின்னதா, கோடே மங்கலா இன்னொரு அணிலும் உண்டு. பர்லியார் பக்கம் மரத்து மேல முழ நீள வாலோட தாவற மலை அணில் தனி ஜாதி. இதை ஏன் சொல்றேன்னா, "வீட்டுல இடைஞ்சலா இருந்தா குடுங்க, மேட்டுப்பாளையத்துல எங்க தோப்புல விட்டுடறேன்"னு ஃபேக்டரி லாரி டிரைவர் நல்ல மனசோட கேட்டார். கூடாது. விழுந்த மரத்துக்குப் பக்கத்துலயே விடணும். இடம் மாறின அணில் என்ன ஆகும்னு பெர்த்காரங்களைக் கேட்டாத் தெரியும். ஆஸ்திரேலியாவுல பெர்த் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோன நம்ம ஊர் வரி அணில் வெளியில பரவி, அங்க அதைத் தொல்லைன்னு பட்டியல் போட்டுப் பிடிச்சாங்க. அங்க இருந்து வந்த சில்வர் ஓக்குக்கு நாம போட்ட மொய்னு வச்சுக்கலாம்.

பால்ல இருந்து பல்லுக்கு மாறின காலம்தான் உண்மையிலேயே கஷ்டமான காலம். எல்லாரும் பயப்படறது சிரிஞ்சு காலத்தைத்தான். அதுல ஒழுங்கா இருந்தா போதும். இதுல ஒழுங்கா இருந்தா போதாது, மனசைக் கல்லாக்கணும்.

நான் நிலக்கடலை வாங்கி வச்சிருந்தேன். அணில்னாக் கொட்டை திங்கும், நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். டாக்டர் தலையில அடிச்சுக்காத குறை. கடலையிலயும் சூரியகாந்தி விதையிலயும் பாஸ்பரஸ் ஜாஸ்தி, கால்சியம் கம்மி. வளர்ற குட்டி அதையே தின்னா எலும்புல இருக்கற சுண்ணாம்பு கரைஞ்சு, ஒரு நாள் பின்னங்காலை இழுத்துக்கிட்டு நிக்கும். கூண்டுல கொழுகொழுன்னு இருந்த அணில் திடீர்னு விழுந்து செத்துச்சுன்னா பாதிக்கு மேல இதுதான்னாங்க. அதனால இலை, பூ, காய். இலையும் பட்டையுமா கொய்யாக் கிளை, செம்பருத்திப் பூ, பச்சைப் பட்டாணி, கேரட், பேரிக்காய் ஒரு சீவல். நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு கேட்டா ஒரு வெள்ளை ஓடு குடுப்பாங்க, கணவாய் மீனோட ஓடு, அதைக் கூண்டுல தொங்கவிட்டோம், கடிச்சுக் கடிச்சு மாவாக்குச்சுங்க. அணிலோட முன்பல்லு சாகற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், எதையாவது கடிச்சுத் தேய்க்கணும். அப்புறம் வெயில். எலும்புக்கு அதுவும் வேணும். குன்னூர்ல வெயிலைக் கடையிலயா வாங்க முடியும்? மேகம் விலகற பத்து நிமிஷத்துக்கெல்லாம் கூண்டைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கேன்.

நடுவுல ஒரு நாள் பேரேட்டுல எழுதாத ஒரு ஐட்டம் உள்ளே போயிருக்கு. ரெண்டோட மீசையில தூள். வர்க்கி! அந்த வருஷம்தான் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருந்துச்சு, அதைக் கொண்டாடிட்டாங்க போல. "ஒரு துண்டுதான்ப்பா, அதுவே கேட்டுச்சு"ன்னா பொண்ணு. கேட்டது உண்மைதான். சட்டைப்பை ஓரத்துல தொங்கிக்கிட்டு வாயைத் திறந்து கேக்கும்.

அன்னிக்கு ராத்திரி டாக்டர்கிட்ட இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவங்க சிரிக்கலை. "லயன்ல பசங்க கவண் வச்சிருக்காங்களா?"ன்னாங்க. வச்சிருக்காங்க. "பூனை?" இருக்கு. "மனுஷன் தோள்ல ஏறி வர்க்கி கேக்கற அணில் வெளியில போய் எத்தனை நாள் இருக்கும்னு நினைக்கறீங்க?"

பதில் சொல்லலை. ஃபோனை வச்சிட்டு ரொம்ப நேரம் பேரேட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எடை ஏறியிருக்கு, பால் சரி, எல்லாக் கட்டமும் சரி. 2008-ல தெரியாம ஊட்டிக் கொன்னேன். இப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அதையே வேற மாதிரி பண்ணிக்கிட்டு இருக்கேன். கையைப் பார்த்தா ஓடி வர்ற மாதிரி பண்ணினது நாங்க.

மறுநாள்ல இருந்து கையால ஊட்டறது நிறுத்தம். பின்வாசல்ல, பிளம்ஸ் மரத்தை ஒட்டிப் பெரிய கூண்டு. கோழி வலை வேண்டாம், அதுல பாம்பும் எலியும் புகுந்துடும்னு அரை அங்குலக் கண்ணு இருக்கற வெல்டிங் வலை. உள்ளே கிளைகள், தேங்காய் நார், ஒரு மரப்பெட்டி. சாப்பாட்டைத் தட்டுல வைக்காம கிளை இடுக்குலயும் பட்டைக்கு அடியிலயும் ஒளிச்சு வைக்கணும், அதுங்க இல்லாத நேரமாப் பார்த்து, அதாவது பெட்டிக்குள்ள தூங்கறப்ப. பேசக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பொண்ணு நாலு நாள் என்கிட்ட பேசலை. ஒண்ணு வலையில தொங்கிக்கிட்டு எங்களைப் பார்த்துக் கத்தும். தங்கமணி பின்வாசல் கதவைச் சாத்திட்டு டிவி சத்தத்தை ஏத்துவாங்க. நான் ஃபேக்டரிக்கு அரை மணி முன்னாடியே கிளம்பினேன்.

ரெண்டு வாரத்துல கத்தறது நின்னுச்சு. பக்கத்துல போனா பெட்டிக்குள்ள ஓடுச்சுங்க. ஒரு நாள் வல்லூறு மேல வட்டம் போட்டப்ப ரெண்டும் கிளையோட கிளையா ஒட்டி அசையாம நின்னதைப் பார்த்தேன். யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியலை. நாங்க இல்லை.

ஜூலை முதல் வாரம், மழை விட்ட ஒரு காலையில கூண்டுக் கதவைத் திறந்து கட்டி வச்சோம். விழா எல்லாம் இல்லை. ரெண்டு உடனே போயிடுச்சு, பிளம்ஸ், அங்க இருந்து சில்வர் ஓக், அப்புறம் தெரியலை. ஒண்ணு வாசல்ல உட்கார்ந்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம்தான் கிளம்புச்சு, சாயங்காலம் பெட்டிக்குத் திரும்புச்சு. கதவு திறந்தேதான் இருந்துச்சு. சாப்பாடும் அதே இடத்துல வச்சோம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு. மூணாவது வாரம் வச்சது வச்ச மாதிரி காய்ஞ்சு கிடந்துச்சு. பேரேட்டுல அந்தக் கட்டத்துல கோடு இழுத்தேன். ரெண்டை அதுக்கப்புறம் பார்த்ததா நிச்சயமாச் சொல்ல முடியலை.

ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்ல கட்டின கால்மிதியில இருந்து ஒரு அணில் தேங்காய் நாரைப் பிச்சு வாய் நிறையச் சுருட்டிக்கிட்டு இருந்துச்சு. நானும் பொண்ணும் கதவைத் திறந்தோம். விருட்டுன்னு தூண்ல ஏறி, கூரை விளிம்புல நின்னு, வாலை அடிச்சு அடிச்சு எங்களைப் பார்த்துக் கத்துச்சு பாருங்க, அப்படி ஒரு கத்து. 2008-ல கொய்யா மரத்துல கேட்ட அதே சத்தம்.

"ஒண்ணாப்பா?"ன்னா பொண்ணு.

"தெரியலைம்மா"ன்னேன்.

அவ கூப்பிட்டுப் பார்க்கலை. கதவை மெதுவாச் சாத்திட்டு உள்ளே வந்துட்டா.

கூண்டைப் பிரிச்சு எடைக்குப் போட்டுடலாம்னு சொன்னேன். தங்கமணி விடலை. குரங்குத் தொல்லைக்குப் பயந்து இப்ப அதுக்குள்ளதான் முட்டைக்கோஸ் நாத்து போட்டிருக்காங்க.